கரை போட்ட கைகளை எண்ணாத கணக்கு

சரிபார்ப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு அனுபவம் எழுதச் சொன்னால், அவர்கள் பெரும்பாலும் தாங்கள் கண்டுபிடித்த பிறர் தவறுகளைத்தான் எழுதுவார்கள். நான் என் தவறை எழுதப் போகிறேன். என் கையெழுத்தால் ஒரு பெண்ணின் தறி பறிபோகப் பார்த்தது. படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டுங்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள், அவ்வளவுதான்.

நம் வேலையைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. ஒரு துறை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும். அதே வீடுகளில் சிலவற்றுக்கு நாம் மறுபடி போய், எழுதியது உண்மைதானா என்று பார்ப்போம். நாம் சரி என்று ஒப்பமிட்ட பிறகுதான் அட்டவணை வெளியே போகும். நாம் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று விதியில் எழுதியிருக்கிறது. ஆனால் நாம் உட்காரும் நாற்காலி, போகும் ஜீப், நம் பதவி உயர்வு எல்லாம், யாருடைய எண்களை நாம் சோதிக்கிறோமோ அவர்கள் கட்டடத்திலிருந்துதான் வரும். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

நான் காஞ்சிபுரத்துப் பெண். என் மாமுவுக்கு, அதாவது தாய்மாமனுக்கு, அங்கே ஜரிகைக் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குப் போய்க் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வருகிற நெசவாளர்கள் பேசுவதைக் கேட்டே வளர்ந்தேன். அதனால் தறியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று ஒரு திமிர் எனக்குள் சிறுவயதிலேயே ஏறிவிட்டது. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிகள் ஓடவில்லை என்று பதறி அறிக்கை எழுதிவிட்டார். அவர் போனது அமாவாசை அன்று. அமாவாசைக்கு எங்கள் ஊரில் எவனும் தறியைத் தொட மாட்டான். அந்த அறிக்கையை நான்தான் நிறுத்தினேன். அலுவலகம் முழுக்க அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பாவம் மனிதர், என் எதிரே தேநீர் குடிக்கக்கூட வர மாட்டார்.

அடுத்து வந்த கைத்தறிக் கணக்கெடுப்பில் என் ஊரைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கே வந்தது. ஒப்பந்தத்தில் எடுத்த இளைஞர்கள் கையில் டேப்லெட்டோடு தெருத்தெருவாகப் போயிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் அச்சாகி வரும். அதில் 'இந்த வீட்டில் நெய்பவர் யார்' என்று ஒரு கேள்வி. அவர்கள் எழுதியதைப் பார்த்தேன். நெய்பவர், வீட்டுத் தலைவர். மனைவி, இல்லத்தரசி. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அமாவாசை இல்லாத நாளாகப் பார்த்து, கம்பீரமாகக் கிளம்பினேன்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று வேதவல்லியின் வீடு. அவர் கணவர் மாணிக்கம் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம், தறி ஓரமாக வேதவல்லி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இருக்கும். இரண்டும் தனித்தனியாக ஓடி, சேருமிடத்தில் ஒவ்வொரு இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். கோர்வை என்பது அதற்குப் பெயர். அதற்குக் குறுக்கிழையைச் சுமந்து ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று ஓட வேண்டும். நடுவில் இருப்பவரால் இரண்டைத்தான் பார்க்க முடியும். வலக்கரையின் நாடாவை ஓட்டி இழையைக் கோர்ப்பது பக்கத்தில் இருப்பவர். அவர் கை நின்றால் தறி நின்றுவிடும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

யார் நெய்வது என்று கேட்டேன். மாணிக்கம், நான்தான் என்றார். நான் வேதவல்லியைப் பார்த்தேன். அவர் கையில் நாடா இருந்தது. நாடாவைப் பிடித்துக்கொண்டே அவர் சிரித்தபடி சொன்னார்:

"நான் இன்னா நெய்றேன் மேடம், சும்மா பக்கத்துல குந்திக்கினு இருப்பேன்."

பிறகு எழுந்துபோய் எனக்குக் காபி போட்டு எடுத்து வந்தார். அவர் எழுந்த நொடியில் தறி நின்றது. அவர் காபி கொடுத்துத் திரும்பி வந்து உட்காரும்வரை மாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் அந்தக் காபியைக் குடித்தேன். நல்ல காபி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தாளின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். மாமுவின் கடைக்கு ஜரிகை வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். நெசவாளர் என்றால் என் மண்டைக்குள் வேட்டி கட்டிய ஒருவர்தான் வருவார். வேதவல்லியே தான் நெய்யவில்லை என்று சொல்லிவிட்டபோது அது எனக்கும் வசதியாகப் போயிற்று. கணக்கெடுக்க வந்த பையன் வேற்றூர்க்காரன், அவனுக்குத் தெரியாது என்று சொல்லலாம். எனக்கு என்ன சாக்கு?

சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் வேதவல்லி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நெற்றியில் விபூதி மட்டும் இருந்தது, பொட்டு இல்லை. வாசலில் காவலாளியிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், மடித்து வைத்திருந்த ஒரு நகலை என் மேசைமேல் பிரித்து வைத்தார். அவர் வீட்டுத் தாளின் நகல் அது.

"இது உங்க கையெழுத்தா மேடம்?"

ஆமாம் என்றேன்.

மாணிக்கம் மாரடைப்பில் போய்விட்டார் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். தறி, மாணிக்கம் பேரில் நெசவாளர் சங்கம் கொடுத்தது. பட்டும் ஜரிகையும் அவர் உறுப்பினர் அட்டைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. அட்டையைத் தன் பேருக்கு மாற்றித் தரும்படி வேதவல்லி சங்கத்துக்குப் போயிருக்கிறார். வீட்டில் வேறு நெசவாளர் இருந்தால்தான் மாற்ற முடியும், இல்லையென்றால் தறியைத் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. மேலாளர் புதிய கணக்கெடுப்பின் வீட்டுத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதில் வேதவல்லி இல்லத்தரசி. கீழே என் கையெழுத்து. அரசாங்கமே வந்து பார்த்துச் சரி என்று எழுதியிருக்கும்போது நான் என்னம்மா செய்ய முடியும் என்று அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

நீங்கள்தானே சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள் என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. வேதவல்லி அழவில்லை, சண்டை போடவும் இல்லை. கல்யாணம் ஆகி வந்த அன்றிலிருந்து அந்தத் தறியில் உட்கார்ந்திருப்பதாகவும், பெண்ணுக்குக் கல்லூரி முடிய இன்னும் இரண்டு வருடம் இருப்பதாகவும் மட்டும் சொன்னார். சங்கத்து ஆட்கள் மாதக் கடைசியில் தறியைப் பிரிக்க வருகிறார்களாம்.

அன்று மத்தியானமே நான் அந்தத் தெருவுக்குப் போனேன். இந்தமுறை யார் நெய்வது என்று கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். பிறகு, வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கும் நாளில் தறி ஓடுமா என்று கேட்டேன். கேட்ட வீட்டில் எல்லாம் ஒரே பதில்தான். எப்படிங்க ஓடும், அது வந்தால்தான். இப்படியே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனேன். நான் ஒப்பமிட்ட தாள்களில் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் இல்லத்தரசிகள். ஒரு ஊரின் நெசவாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை நானும் சேர்ந்து காணாமல் போக்கியிருக்கிறேன். அமாவாசைக்குப் போன அந்த அதிகாரி ஒரு நாள்தான் ஏமாந்தார். நான் பிறந்ததிலிருந்து ஏமாந்திருக்கிறேன்.

நான் ஒப்பமிட்ட வீட்டுத் தாள்கள் ஏற்கெனவே சங்கத்துக்குப் போய்விட்டன. ஆனால் ஊருக்கான மொத்த அட்டவணை மட்டும் என் ஒப்பத்துக்காக இன்னும் மேலதிகாரியின் மேசையில்தான் இருந்தது. நேரே போய், இதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதை எழுத வேண்டும். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று எல்லாரையும்போல வாழ்ந்த மனிதர். முதலில் சிரித்தார். பிறகு நான் ஒப்பமிட்ட வீட்டுத் தாள்களின் நகல் கட்டு ஒன்றை எடுத்து முன்னால் போட்டார். இதெல்லாம் உங்கள் கையெழுத்துதானே, நீங்களே சான்று கொடுத்துவிட்டு நீங்களே மறுத்தால் உங்களை யார் நம்புவார்கள் என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. முதலில் தவறாகச் சான்று கொடுத்தேன், அதையும் சேர்த்து அடித்துவிடுங்கள் என்றேன். பெண்களையும் எண்ணினால் மொத்தம் எங்கேயோ போய்விடும், முன்பு வெளியிட்டதெல்லாம் பொய்யா என்று மேலே கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வது என்றார். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உனக்கு ஏன் இந்த வம்பு, ரிட்டையர் ஆக எவ்வளவு நாள் இருக்கிறது, பதவி உயர்வுப் பட்டியலில் பேர் வருகிற நேரத்தில் எவளாவது இப்படிச் செய்வாளா என்று ஆளுக்கொரு பக்கம். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் அந்த நகலில் என் கையெழுத்தைப் பார்த்தபோது வந்த அவமானம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதுதான் என்னை நிற்க வைத்தது, பெரிய கொள்கை எதுவும் இல்லை.

மேலதிகாரி ஒரு யோசனை செய்தார். இந்த அம்மா உண்மையிலேயே நெய்கிறவர்தானா என்று நேரில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். சங்கத்தின் கூடத்தில் பார்வையாளர்களுக்குக் காட்ட ஒரு தறி உண்டு. அதில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றி, வேதவல்லியை வரச் சொன்னார்கள். ஒருநாள் காலை பத்து மணிக்கு நாங்கள் எல்லாரும் அங்கே கூடினோம். மேலதிகாரி, சங்க மேலாளர், நான். சோதித்துச் சொல்வதற்காக ஏகாம்பரம் என்ற மூத்த நெசவாளரை அழைத்திருந்தார்கள். கண்காட்சிகளில் பரிசு வாங்கியவர், ஊரில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

வேதவல்லி வந்தார். ஏகாம்பரத்தைக் கும்பிட்டார். குழியில் இறங்கி உட்கார்ந்து, இழைகளை விரலால் தடவிப் பார்த்தார். தனியாக ஒரு சாண் நெய்து காட்ட வேண்டும் என்று மேலாளர் சொன்னார். வேதவல்லி மிதியை அழுத்தினார். உடல் நாடா ஓடியது, இடக்கரை நாடா ஓடியது. அப்புறம் கையை எடுத்துவிட்டு, வலப்பக்கத்துக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டார்.

யாரும் வர மாட்டார்கள், தனியாக நெய்கிறவர்தான் நெசவாளர், பக்கத்தில் உட்காருகிறவர் உதவியாள்தான் என்றார் மேலாளர். மேலதிகாரி தலையை ஆட்டினார். பேச வாயைத் திறந்தேன். வேதவல்லி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தறியில் உட்கார்ந்தபடியே ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க தனியா ஒரு சாண் நெய்ஞ்சு காட்டுங்க. அப்புறம் நான் நெய்றேன்."

எல்லாரும் அந்த மனிதரைப் பார்த்தோம். அவர் நினைத்திருந்தால், இந்த வயதில் என்னைச் சோதிக்கிறாயா என்று கத்திவிட்டுப் போயிருக்கலாம். மேலாளர் அவருக்கு வேண்டியவர். பரிசுப் பத்திரங்கள் அவர் வீட்டுச் சுவர் முழுக்கத் தொங்குகின்றன, எல்லாவற்றிலும் அவர் பேர் மட்டும்தான். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் வூட்டுக்காரி வந்து குந்தலன்னா என்னால ஒரு விரக்கடை நெய்ய முடியாது சார். அது உள்ளது. இந்தப் பொண்ணு கை நல்ல கை."

அதோடு விடவில்லை. தன் வீட்டுத் தாளில் மனைவிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். இல்லத்தரசி என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார். அந்தப் போக்கு எனக்கு எந்த மெமோவைவிடவும் உறைத்தது.

மேலதிகாரி என்னைத் தனியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். குரலை இறக்கிப் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இந்த அம்மாவின் தாளை மட்டும் திருத்திவிடலாம், தனிப்பட்ட ஒரு கேஸ் என்று எழுதிக்கொள்ளலாம், நாளைக்கே அட்டை மாறிவிடும், தறி அவர் வீட்டிலேயே இருக்கும், மேலாளரிடம் பேசியாகிவிட்டது என்றார். அதற்குப் பதிலாக அட்டவணையை இருக்கிறபடி ஒப்பமிட்டுக் கொடுங்கள் என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நமக்குக் காசு கொடுத்து யாரும் கேட்க மாட்டார்கள். மிரட்டுவதுகூடக் குறைவுதான். இப்படித்தான் கேட்பார்கள், கண்ணெதிரே நிற்கும் ஒருவருக்கு நல்லது செய்வதாகக் காட்டி. நான் ஆடிப்போய்விட்டேன். போட்டுவிட்டால் வேதவல்லியின் கவலை அன்றைக்கே தீரும். தெருவில் இருக்கும் மற்றவர்கள் யாரும் என்னிடம் வந்து அழவில்லையே. போட்டால் என்ன என்று என் மனசே எனக்கு வக்காலத்து வாங்கியது. முடிவு செய்ய வேண்டியவள் நான் மட்டும் இல்லை என்று தோன்றியது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வேதவல்லியிடம் போனேன்.

அவர் இன்னும் குழியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில், வலக்கரை ஆள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் மறைக்காமல் அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, நான் கையெழுத்துப் போடாவிட்டால் தனக்கு அட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். கிடைக்காமலே போகுமா என்றார். போகலாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வேதவல்லி பாவு நூலை விரலால் ஒருமுறை நீவிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அதுவரை மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் என்னை நீ என்றார்.

"ஜரிகைக் கடை சாய்பு வூட்டுப் பொண்ணுதானே நீ? போடாத. எனக்கு மட்டும் அட்டை வந்துச்சுன்னா, மத்தவளுங்க எல்லாம் வூட்ல வெட்டியா இருந்தவளுங்கன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆவும். அந்தத் தெருவுல நான் எப்பிடிமா நடப்பேன்?"

தறி போய்விடுமே என்றேன்.

"போவட்டும். கை எங்கயும் போவல."

நான் மரத்தடிக்குத் திரும்பி வந்தேன். அட்டவணையை வாங்கினேன். ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்தேன். எங்கள் விதிகளில் உருப்படியான விதி ஒன்று உண்டு. சரிபார்ப்பவர் எழுதிய குறிப்பை யாரும் நீக்கக் கூடாது, அது அட்டவணையோடு சேர்ந்து மேலே போக வேண்டும். தறியில் உட்காரும் பெண்கள் எண்ணப்படவில்லை, கேட்ட கேள்வியே தவறு, அதைச் சரி என்று முதலில் ஒப்பமிட்டவள் நான்தான், என் ஒப்பங்கள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, வேறு தாள் தருகிறேன், குறிப்பில்லாமல் எழுதிக் கொடுங்கள் என்றார். வேறு தாள் தந்தார். அதிலும் அதையே எழுதினேன். மூன்றாவது தாள் அவர் தரவில்லை.

பிறகு நடந்ததை இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் சங்கத்து ஆட்கள் வந்து தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்தேன். இருக்க வேண்டும் என்றுதான் போனேன். குழி மட்டும் வீட்டுக்குள் திறந்து கிடந்தது. யாரும் இடறி விழக் கூடாது என்று வேதவல்லி அதன்மேல் பலகை போட்டு மூடினார். மறுநாளிலிருந்து வேறு வீட்டுத் தறியில் வலக்கரைக்குக் கூலிக்குப் போனார். பெண்ணின் கல்லூரி நிற்கக் கூடாது என்று சாயங்காலத்தில் இட்லி மாவும் அரைத்து விற்றார்.

என்னைப் பழைய கோப்புகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். மின்விசிறி இல்லாத அறை. ஒரு மெமோ வந்தது, முன்னுக்குப் பின் முரணாகச் சான்றளித்ததற்கு விளக்கம் கேட்டு. ஒரே வரியில் பதில் எழுதினேன். முதலில் எழுதியது தவறு, இப்போது எழுதியது சரி. பதவி உயர்வுப் பட்டியல் வந்தது, என் பேர் இல்லை. என்னைவிடப் பிந்திச் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே உட்கார்ந்தார்கள். வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. கோப்பு அறையில் தனியாக உட்கார்ந்து, எனக்கென்ன வந்தது, நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். ஆனால் ஒருநாளும், போட்டிருக்கலாமே என்று தோன்றவில்லை.

எண்கள் வெளிவருமுன் பார்ப்பதற்கு மேலே ஒரு குழு உண்டு, துறைக்கு வெளியே இருந்து வருபவர்கள். அவர்களில் ஒரு அம்மையார் அந்தக் குறிப்புக் கட்டத்தைப் படித்திருக்கிறார். அட்டவணைகளில் அந்தக் கட்டத்தை யாருமே படிப்பதில்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அவர் காஞ்சிபுரத்துக்கே வந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். வீடுகளுக்குள் போய்த் தறியருகே நின்று பார்த்தார். ஏகாம்பரம் தன் மனைவியைக் கூப்பிட்டு அவர் முன்னால் உட்கார வைத்து, இரண்டு பேருமாக நெய்து காட்டினார். அட்டவணையை நிறுத்தி வைக்கிறோம், கேள்வியை மாற்றி மறுபடி எடுங்கள் என்று உத்தரவு வந்தது. இந்தத் தறியில் உட்காருபவர்கள் யார் யார் என்பது புதிய கேள்வி. சரிபார்க்க யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, கோப்பு அறையிலிருந்து என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அந்தத் தெருக்களுக்குப் போக வேறு யாருக்கும் துணிவு வரவில்லை போலிருக்கிறது.

அதனால் இதைச் சொல்கிறேன். உங்கள் முன்னால் வைக்கிற தாளில் உங்களுக்கே சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம் என்பார்கள், நாளைக்குக் கூட்டம் என்பார்கள், போன வருடம் போட்டீர்களே என்பார்கள். போன வருடம் போட்டது தப்பு என்று சொல்லுங்கள். நாக்கு கூசும், சொல்லிவிடுங்கள். மெமோ கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது வெறும் காகிதம்தான். உங்கள் மேலதிகாரிகள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். படட்டும்.

மறு கணக்கெடுப்பு முடிந்து நான் வேதவல்லியின் வீட்டுக்குப் போனபோது, குழுவின் உத்தரவைப் பார்த்துச் சங்கம் அட்டையை அவர் பேருக்கு மாற்றி, தறியையும் திருப்பிக் கொடுத்திருந்தது. மகள் கல்லூரியை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். வேதவல்லி குழிக்குள் உட்கார்ந்திருந்தார், வலப்பக்கத்தில் எதிர்வீட்டு மருமகள். அந்த வீட்டுத் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். நெய்பவர்கள் என்ற இடத்தில் அவர் பேர், அதற்குக் கீழே அந்த மருமகளின் பேர். அவர் எழுத்துக்கூட்டி இரண்டையும் படித்தார். பிறகு தெருவில் மற்ற வீட்டுத் தாள்களையும் கேட்டார். வீடு வீடாக ஒவ்வொரு பேராகச் சத்தம் போட்டுப் படித்தார், படித்த பேருக்கு உரியவள் இருக்கிற திசையை விரலால் காட்டிக்கொண்டே. எல்லாம் முடிய அரைமணி நேரம் ஆனது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கடைசித் தாளையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தட்டி ஒழுங்கு செய்து என் மடியில் வைத்தார்.

"இப்போ போடுமா கையெழுத்து" என்றார்.